பேய்க்கு வைத்த முட்டை

தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவர் பாக் மாங்குன் அவர்களே, ஆலமரத்தின் கோபமறிந்த பெரியோர்களே, இடுப்புப் பிள்ளையை இறக்காமல் நிற்கும் தாய்மார்களே! மரவள்ளி பிடுங்கும் கார்யோவின் வணக்கம்.

என் மூத்தவள் சுமினி எப்படிச் செத்தாள்? பேய் அவள் உயிரைக் குடித்தது என்றீர்கள். நம்பினேன். கருங்கூந்தல் செம்பட்டையானது. கால் வீங்கியது, விரலால் அழுத்தினால் விழுந்த குழி எழவில்லை. அழவே இல்லை, ஐயா! நட்டநடுப் பகலில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மரவள்ளி மாவு அவித்துக் கொடுத்தேன். பேய்க்கு, ஐந்து நாளுக்கொருமுறை, ஆலமரத்தடியில் அவித்த முட்டை வைத்தேன். மறுநாள் இலை காலியாக இருக்கும். ஏற்றுக்கொண்டது என்று மகிழ்ந்தேன். மகளைப் புதைத்தேன்.

பிறகு இளையவள் லாஸ்மிக்குக் கால் வீங்கியது. அவளும் அழுவதை நிறுத்தினாள். முட்டையோடு கிளம்பியவனை வாசலில் மறித்தார் நர்ஸ் ரெத்னோ.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?"

"பேய்க்குப் படைக்கம்மா."

"பேய்க்கு முட்டை, புள்ளைக்கு மாவா? நல்லாருக்குண்ணே உங்க நியாயம்!"

யாரது, பின்னால் சிரிப்பது? சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உடம்புல சதை கட்ட அமினோ அமிலம்னு இருபது வேணும்ணே. அதுல ஒன்பதை உடம்பால செஞ்சுக்க முடியாது, தின்னுதான் ஆகணும். முட்டையில இருக்கு, சோயாப் பயறைப் புளிக்கவச்ச தெம்பேல இருக்கு. மரவள்ளில பேருக்குத்தான். கெடைக்கலைன்னா உடம்பு தன் சதையையே கரைச்சுத் திங்கும்."

கேட்டீர்களா? தன் சதையைத் தானே தின்னும்! பேய் மரத்திலா இருந்தது? மலையிலா இருந்தது? என் மகளின் தோலுக்குள், ஓசையின்றி, உண்டுகொண்டிருந்தது.

"பேயோட முட்டையைத் தொட்டா புள்ள செத்துரும்மா!"

"தொடலைன்னாலும் சாகும்ணே."

முட்டையை உரித்தேன். ஊட்டினேன். வெளியே காற்று நின்றது. கோழிகள் அடங்கின. கூரைமேல் ஏதோ மெல்ல நகர்ந்து, தலைக்கு நேரே நின்றது. என் உயிர் என்னிடம் இல்லை. லாஸ்மி விழுங்கினாள்.

தினமும் ஊட்டினேன். பன்னிரண்டாம் நாள் அழுதாள், ஐயா! ஊரே ஓடிவர அழுதாள்!

"இன்னொண்ணு குடுப்பா!"

அன்றே ஆலமரத்துக்குப் போனேன். பொந்தில் ஓர் உடும்பு, கொழுத்த உடும்பு. என்னைக் கண்டு அது ஓடவில்லை. நாக்கை நீட்டி என் கையைப் பார்த்தது. சுமினி உடம்பில் ஏறவேண்டிய சதை அதன் முதுகில் பளபளத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

தாய்மார்களே, இதோ, பேய்க்கென்று நீங்கள் கொண்டுவந்த அறுவடைப் படையல்! முட்டையை எடுங்கள்! உரியுங்கள்! பிள்ளைக்கு ஊட்டுங்கள்! பெரியவரே, முறைக்காதீர்கள். பேய் பசியோடு தேடி வந்தால் கடைசித் தெருவில் என் வீட்டைக் காட்டுங்கள். நான் வாசலில்தான் இருப்பேன்.

பொறுமையாய்க் கேட்ட சபைக்கு நன்றி. வணக்கம்.