ஆமையும் ஆந்தையும்: நான் சொல்லாமல் விட்ட பாதி

தளர்வறியாத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் முகம் சுளிக்காமல் காத்திருக்கும் மூத்தோர்களே! மடியில் பிள்ளையையும் மனத்தில் ஆயிரம் வேலையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

காலையிலிருந்து மூன்று அறுவை சிகிச்சை. கால் கெஞ்சுகிறது, குரல் கம்முகிறது. என்ன ஐயா, உட்கார்ந்தே பேசலாமா? உட்கார்ந்தால் உறங்கிவிடுவேன், நின்றே பேசுகிறேன்!

கடலாமை, ஆந்தை: எது உயர்ந்தது? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. எங்கள் விலங்கு மருத்துவமனையில் இரண்டும் ஒரே அறையில் இருந்தன. வலை அறுத்த துடுப்புக்காலோடு ஆமை தொட்டியில். சிறகொடிந்த ஆந்தை கூண்டில். ஆந்தைக்குக் கண் உருளாது, கழுத்தைத்தான் திருப்ப வேண்டும். கடலாமைக்கோ ஓடு இருந்தும் தலையை உள்ளிழுக்க முடியாது. குறையில்லாத பிறவி எது, கூறுங்கள்!

இரண்டுக்கும் இரை கொடுத்தவர் மீனக்கா. மீன் நறுக்குவதால் வந்த பெயர். கணவரை இழந்தவர். மகளை வெளியூரில் தங்கையிடம் விட்டுவிட்டு ஐந்து ஆண்டுகளாக எங்களிடம் வேலை பார்ப்பவர்.

ஒருநாள் பார்வையாளர்களிடம் நான் முழங்கினேன்: "ஆந்தைத் தாய் ஒரு மாதம் அடைகாக்கும், குஞ்சுக்கு ஊட்டி வளர்க்கும். ஆமை? முட்டையிடும், மண்ணை மூடும், திரும்பிப் பாராமல் போய்விடும்! இவற்றில் எது தாய்?" கைதட்டினார்கள். மீனக்கா வாளியை வைத்துவிட்டு வெளியேறினார். மறுநாள் வரவில்லை.

மூன்று மாடி ஏறி அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"உடம்புக்கு என்னக்கா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல டாக்டர். நீங்க சொன்னது பொய்யில்ல. ஆனா பாதிதான் சொன்னீங்க. தண்ணியில மிதக்குற ஜீவன், அவ்வளவு எடையையும் மண்ணுல இழுத்துக்கிட்டு வருதே, அதை ஏன் சொல்லல? மூச்சு வாங்க வாங்கக் குழி தோண்டுதே, அதை ஏன் சொல்லல? ஆந்தை கூட்டுலயே உக்காந்திருக்குன்னா, இரை கொண்டு வர ஆம்பள ஆந்தை இருக்கு. ஆமைக்கு யாரு இருக்கா?"

அந்த வாசற்படியிலேயே கைகூப்பினேன் ஐயா!

"தப்புதான்க்கா. மன்னிச்சிடுங்க."

"சரி, போங்க. அதுங்க பசியோட இருக்கும். வரேன்."

வந்தார். ஆமை தேறியது, கடலில் விட்டோம். ஆந்தையின் சிறகு கூடவில்லை, எங்களோடேயே இருக்கிறது. எது உயர்ந்தது என்று தீர்ப்பு வழங்க என்னிடம் தெம்பும் இல்லை, தகுதியும் இல்லை. ஒவ்வொன்றும் தனக்கு வாய்த்த உடம்பைக் கொண்டு, தனக்கு வாய்த்த வழியில், தன் குலத்தைக் காக்கிறது. அருகில் இருப்பதுதான் அன்பா? அகன்று போனவளெல்லாம் அன்பற்றவளா?

போன மாதம் விடுமுறைக்கு மீனக்காவின் மகள் வந்தாள். எட்டு வயது. மருத்துவமனை வாசலில் நின்று, "நீங்க எப்ப வீட்டுக்கு வருவீங்க?" என்று பெற்றவளைக் கேட்டாள். "நீங்க" என்றாள் தாய்மார்களே! மீனக்கா அழவில்லை. குனிந்து மீனை நறுக்கினார். ஒரு வாரம் அப்படியே போயிற்று. எட்டாம் நாள் மதியம் அந்தப் பெண் ஓடிவந்து கத்தினாள்: "அம்மா, எனக்குப் பசிக்குது. நீ வா!"

மீனக்காவின் மீன் கத்தி கீழே விழுந்த சத்தம் என் அறைவரை கேட்டது.

களைத்த குரலுக்கும் காது கொடுத்த உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.