டீச்சர் சொன்ன என் சாட்சி

இல்ல சார், வேலைக்கெல்லாம் போகல. இந்த மூஞ்சிக்கு வெளிநாட்டுல யாரு வேலை குடுப்பா? ஊழியத்துக்குப் போனேன். சர்ச்சுல இருந்து வருஷா வருஷம் ஒரு டீமா கூட்டிட்டுப் போவாங்க. இந்த பனியன் அவங்க குடுத்ததுதான். முதுகுல கப்பல் படம் போட்டிருக்கும். கப்பல் மாதிரியா இருக்கு? எங்க வீட்ல அயர்ன் பாக்ஸ்னு சொல்லுவா.

அந்த டார்ச்ச கொஞ்சம் இந்தப் பக்கமா காட்டுங்க சார். மேல இல்ல, சிங்க்குக்கு அடியில. ஆங், அப்படியே புடிச்சுக்கோங்க.

நான் ஒண்ணும் பெரிய பக்திமான் இல்ல, முதல்லயே சொல்லிடறேன். பிரசங்கம் ஆரம்பிச்சா எனக்குத் தூக்கம் சொக்கும். எங்க வீட்ல முழங்கையாலயே இடிச்சு இடிச்சு என் விலா எலும்பு ஒரு பக்கம் உள்ள போயிடுச்சு. என்னைய கூப்பிட்டதும் பிரசங்கம் பண்ண இல்ல. அங்க ஒரு பள்ளிக்கூடம். கக்கூஸெல்லாம் கட்டிட்டாங்க, தண்ணி ஏறல. ஒரு பிளம்பர் வேணும், அதுவும் கூலி கேக்காத பிளம்பர். சர்ச்சுல யாரு இருக்கான்னு திரும்பிப் பாத்திருக்காங்க, நான் வாயத் தொறந்துட்டு தூங்கிட்டிருந்திருக்கேன். சரின்னு தலையாட்டினேன்னு சொல்றாங்க. தூக்கத்துல தலை ஆடியிருக்கும் சார்.

போறதுக்கு முன்னால பயிற்சி. அப்பப்பா! சர்ச்சு மாடியில ஒரு ரூம், ஓடாத ஃபேன், நாங்க பத்துப் பன்னெண்டு பேர். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர்தான் லீடர். கமாண்டர்னு கூப்பிடுவோம், அவர் காதுல விழாம. அங்க போய் எதையும் பாத்து மூஞ்சச் சுளிக்கக் கூடாது, குடுத்தத சாப்பிடணும், எங்க ஊர்ல இப்படி இல்லையேன்னு சொல்லவே கூடாது. தடுப்பூசி போடறப்ப நான் மயங்கி விழுந்தேன். ஊசி போட்டது எனக்கில்ல சார், எனக்கு முன்னால நின்ன ஆளுக்கு. அப்புறம் பிள்ளைங்களுக்காக ஒரு நாடகம். யோனாவ மீன் முழுங்குமே, அந்தக் கதை. பல் டாக்டர் ஒருத்தர் டீம்ல இருந்தாரு, அவர்தான் மீனோட வாய். பல்லுன்னா அவருக்குத்தான தெரியும். நான் வால். வாலுக்கு வசனம் கிடையாது. ஆட்டணும், அவ்வளவுதான். அதையும் தப்பான பக்கம் ஆட்டுறேன்னு கமாண்டர் தினமும் திட்டுவாரு.

எல்லாத்தையும் விட பெரிய ரோதனை இந்த சாட்சி. தெரியுமா உங்களுக்கு? ஓ, சர்ச்சுப் பழக்கம் இருந்திருக்கா. அப்ப சரி. நான் எப்படி இருந்தேன், கடவுள் என்னை எப்படி மாத்தினாருன்னு எல்லாருக்கும் முன்னால எழுந்து சொல்லணும். எங்க டீம்ல ஒரு தையல்காரர், ஒரு காலத்துல குடிச்சுட்டு தையல் மெஷினையே வித்தவரு. அவர் சொன்னா மாடி ரூமே அழும். இன்னொரு பையன் வீட்ட விட்டு ஓடிப்போய் ரயிலடியில படுத்துக் கெடந்தவன். எனக்கு என்ன இருக்கு? பொறந்தேன், ஞானஸ்நானம், வேலை கத்துக்கிட்டேன், கல்யாணம், குழாய் மாட்டுறேன். கமாண்டர் கண்ணாடியக் கழட்டிட்டு கேட்டாரு, உனக்குப் பாவமே இல்லையாப்பான்னு. இருக்குங்கய்யா, ஆனா எல்லாம் சில்லறை, சபையில சொல்ற அளவுக்கு ஒண்ணும் தேறாதுன்னேன். வீட்டுக்கு வந்து இவகிட்ட யோசனை கேட்டா, நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டு எந்த வீட்டுக்கும் போறதில்லையே, அதைச் சொல்லுங்கன்றா.

அந்த நட்டு உங்க காலுக்குப் பக்கத்துல கெடக்கு சார்... தேங்க்ஸ்.

ஊர் எங்கயா? அது ஒரு தீவு சார். பிளேன்ல இறங்கி, பஸ்ஸுல போய், அப்புறம் படகு. அந்தப் படகுல நான் எடுத்த வாந்தியில, என்னைய கரையில தூக்கித்தான் இறக்கினாங்க. வரவேத்துப் பாட்டுப் பாட பிள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சிருந்தாங்க. பாட்டு முடியற வரைக்கும் நான் ஒரு வலை மேல மல்லாந்து கெடந்தேன். உலகத்துக்கு வெளிச்சம் கொண்டு போன லட்சணம் இது.

டார்ச்சு ஆடுது சார். கை வலிச்சா மாத்திப் புடிங்க.

அங்கதான் டீச்சரப் பாத்தேன். அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர், எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். தமிழ் என்னமா பேசுறாங்க தெரியுமா! என்னோடத விட சுத்தம். எப்படிம்மா கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரர் தமிழ் ஆளுதான், இங்க மீன் கம்பெனியில மெஷின் பாக்க வந்தவரு, இப்ப அவங்க ஊர்ல வேலையா இருக்காரு, அடுத்த லீவுக்கு வந்துடுவாருன்னாங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. ஊர்ல யாருக்கு என்ன கஷ்டம்னாலும் டீச்சர் வீட்டுக்குத்தான் போவாங்க. அவங்க யார் வீட்டுக்கும் போனது இல்ல.

முதல் ஞாயித்துக்கிழமை. தையல்காரர் சாட்சி சொன்னாரு, ஜனங்க தலையாட்டுனாங்க. பையன் சொன்னான், தலையாட்டுனாங்க. கடைசியா நான். நான் ஒரு பிளம்பர்ங்க, எனக்குப் பெருசா ஒண்ணும் நடக்கல, பைப்பு மாட்டுறேன், தண்ணி வந்தா சந்தோஷமா இருக்கும்னு உளறினேன். டீச்சர் மொழிபெயர்க்க ஆரம்பிச்சாங்க. பேசுறாங்க, பேசுறாங்க, பேசிட்டே இருக்காங்க. நான் சொன்னது நாலு வரி சார்! முன் வரிசையில ஒரு மீன்காரம்மா முந்தானையால கண்ணத் தொடைக்குது. பின்னால ஒரு முரட்டு ஆளு, கை ஒவ்வொண்ணும் உலக்கை மாதிரி, தேம்பித் தேம்பி அழறான். கூட்டம் முடிஞ்சதும் அவன் வந்து என்னைக் கட்டிப் புடிச்சு, கடலக் காட்டினான், என் நெஞ்சத் தொட்டான், தலையத் தலைய ஆட்டினான். எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா ஒண்ணு மட்டும் புரிஞ்சுது. நான் பெரிய பிரசங்கியார் ஆயிட்டேன்!

சிரிக்காதீங்க சார். அப்படித்தான் நெனச்சேன். தினமும் யாராவது முட்டை கொண்டாந்து குடுக்கறாங்க. வேலை பாக்கும்போது பக்கத்துல வந்து ஒண்ணும் பேசாம உக்காந்துட்டுப் போறாங்க. தோள்ல தட்டிட்டுப் போறாங்க. தையல்காரருக்கு முட்டை இல்ல, கமாண்டருக்கே முட்டை இல்ல. திரும்பி வந்து நான் பண்ண அலட்டல் இருக்கே! அபிஷேகம்னா அது ஒரு பைப்புக்காரன் மேலயும் இறங்கும்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். கண்ணாடி முன்னால நின்னு கையத் தூக்கிப் பேசிப் பாப்பேன். எங்க வீட்ல, முதல்ல நம்ம வீட்டு ஒழுகுற குழாய்க்கு ஊழியம் செய்யுங்கன்னு சொல்லுவா.

அடுத்த வருஷமும் அதே கதை. நான் மோட்டாரப் பத்திச் சொன்னேன், அவங்க அழுதாங்க.

அதுக்கடுத்த தடவை எங்க வீட்ல ஒத்தக் கால்ல நின்னா. அப்படி என்னதான் பேசுறீங்கன்னு நானும் வந்து பாக்கறேன்னு கெளம்பிட்டா. படகுல அவளுக்கு ஒண்ணும் ஆகல, வாந்தி எனக்கு மட்டும்தான். கரையில இறங்கி, இவங்கதான் என் சம்சாரம்னு சைகையில சொன்னேன் பாருங்க. மீன்காரம்மா கூடையக் கீழ போட்டுட்டு ஓடி வந்துச்சு. பொம்பளைங்க எல்லாம் சூழ்ந்துக்கிட்டாங்க. ஒருத்தி இவளக் கட்டிப் புடிக்கறா, ஒருத்தி இவ கன்னத்துல செல்லமா ஒரு தட்டு தட்டி என்னமோ திட்டுறா. அந்த முரட்டு ஆளு இவ கையப் புடிச்சு என் கையில வெச்சு அமுக்குறான். ஊரே கை தட்டுது! கல்யாணத்தன்னைக்குக்கூட எங்களுக்கு இப்படி யாரும் கை தட்டல.

நான் கூட்டத்துக்கு கையாட்டிட்டு இருக்கேன், எங்க வீட்ல மட்டும் டீச்சர் முகத்தையே பாத்துட்டு நின்னா. வெளுத்துப் போயிருந்துச்சாம் அந்த முகம். சாயங்காலம் சமையல்கட்டுல வெச்சு கேட்டிருக்கா. என்னைப் பத்தி என்னம்மா சொல்லி வெச்சிருக்கீங்கன்னு.

என்ன சார், உக்கார்றீங்களா? உக்காருங்க, டார்ச்ச இப்படிக் குடுங்க. நான் வாயில கவ்விக்கிறேன்... வேணாம், வேலை முடிஞ்ச மாதிரிதான்.

டீச்சர் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. வீட்டுக்காரரு அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஊருக்குப் போனவரு. போனவரு போனவருதான். போன் நம்பரும் மாறிப் போச்சு. ஊர்ல கேட்டா, வேலையா இருக்காருன்னு சொல்லிச் சொல்லி, அவங்களால அழக்கூட முடியல. அழுதா தெரிஞ்சுடுமே. அந்த முதல் ஞாயித்துக்கிழமை நான் எழுந்து நின்னு சப்புன்னு நாலு வரி சொன்னதும், அவங்களுக்கு என்ன தோணுச்சோ, இந்த மனுஷனோட சம்சாரம் ஒரு நாள் சொல்லாமப் போயிட்டாங்கன்னு ஆரம்பிச்சுட்டாங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு இன்னமும் ரெண்டு பேருக்குத் தட்டு எடுத்து வைக்கிறாரு, படகு சத்தம் கேட்டா எழுந்து வாசலுக்குப் போறாரு, என்கிட்ட என்ன குறைன்னு யோசிச்சு யோசிச்சு இளைச்சுட்டாருன்னு. இளைச்சுட்டேனாம்! என் தொப்பையப் பாத்துமா நம்பினாங்கன்னு கேட்டேன். எங்க வீட்ல சிரிக்கல.

ரெண்டு வருஷமா என் பேச்சுக்குத்தான் அழறாங்கன்னு நெனச்சுட்டிருந்தேன் சார். நான் அங்கயும் வால்தான். வாய் வேற ஆளு.

மறுநாள் ஞாயிறு. நான் எழுந்திரிக்கப் போறேன், எங்க வீட்ல என் சட்டையப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சுட்டு அவ எழுந்தா. அவ சபையில வாயத் தொறந்ததே கிடையாது, பாட்டுக்குக்கூட ஒதட்டத்தான் அசைப்பா. டீச்சரப் பாத்து, நான் சொல்றத அப்படியே சொல்லும்மான்னா. நான் இவர விட்டுட்டுப் போனேன். சொல்லாமப் போனேன். போனது தப்பு, சொல்லாமப் போனது அத விடத் தப்பு. டீச்சர் வரி வரியா சொல்றாங்க, குரல்ல ஒரு பிசிறு இல்ல. எங்க வீட்ல அப்புறம் சொன்னா, நான் போனதுக்கு இவர் காரணம் இல்ல, இவர்கிட்ட ஒரு குறையும் இல்லன்னு.

அந்த வரிய மொழிபெயர்க்காம டீச்சர் நின்னுட்டாங்க. சபையே பாத்துட்டு இருக்கு. எங்க வீட்ல மறுபடியும் சொன்னா, மெதுவா, டீச்சருக்கு மட்டும் சொல்ற மாதிரி. ஒரு குறையும் இல்லம்மா. அப்ப டீச்சர் அவங்க பாஷையில ஒரே ஒரு வரி சொன்னாங்க. ரொம்பச் சின்ன வரி. என்ன சொன்னாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இது இவர் கதை இல்ல, என் கதைன்னு சொல்லியிருக்காங்க.

ஐயோ, பொய் சொல்லி ஏமாத்திட்டேன்னு அடிக்கப் போறாங்கன்னு நான் செருப்பத் தேடினேன். நம்ம வீரம் அவ்வளவுதான். ஆனா அந்த மீன்காரம்மா எழுந்துச்சு. நேரா போய் டீச்சரோட தலைய இழுத்து தன் தோள்ல சாச்சுக்கிச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரா எழுந்தாங்க. அன்னைக்கு ஆராதனை முடியவே இல்ல சார். அதுக்கப்புறம் முட்டையெல்லாம் டீச்சர் வீட்டுக்குப் போக ஆரம்பிச்சுடுச்சு. எனக்கு ஒண்ணுகூட வரல.

இந்தாங்க, குழாயத் தெறந்து பாருங்க. சொட்டுதா? இல்லல்ல.

இப்ப அவங்க சபையில இருந்து எங்க சபைக்கு ஒரு டீம் வருது. ஆமா சார், எங்களுக்கு ஊழியம் செய்ய. தேவைதான, என்னைய மாதிரி ஆளுங்களப் பாத்த பிறகு! டீச்சரும் வர்றாங்க. எங்க வீட்லதான் தங்கப் போறாங்க. கையக் கழுவிக்கிறேன்.

அந்தத் தடவை தீவுல இருந்து நாங்க கிளம்பி வர்றதுக்கு முன்னால ஒரு நாள் அவங்க வீட்டுக் குழாயையும் பாத்துக் குடுத்தேன். செவுத்துல கல்யாண போட்டோ மாட்டியிருந்துச்சு. அதுல நீங்க மீசை வெச்சிருக்கீங்க சார். மத்தபடி அப்படியேதான் இருக்கீங்க.

பயப்படாதீங்க. போன வாரம் இந்தக் குழாயப் பாக்க வந்தேனே, நீங்க கதவத் தெறந்தப்பவே தெரிஞ்சுது, நான்தான் ஒண்ணும் பேசாமப் போயிட்டேன். எங்க வீட்ல போய்ச் சொன்னேன். சண்டை போடாதீங்க, நடந்தத மட்டும் சொல்லிட்டு வாங்கன்னா. உங்க வீட்டம்மா வேலைக்குப் போற நேரமாப் பாத்துத்தான் இன்னைக்கு வந்தேன். டீச்சர்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. சொல்ல வேண்டியது நான் இல்லையே.

வெள்ளிக்கிழமை காலையில டீச்சரக் கூட்டிட்டு வர ஏர்போர்ட்டுக்குப் போறோம். வண்டியில இடம் இருக்கு சார். வர்றதும் வராததும் உங்க இஷ்டம். இப்பவே சொல்லணும்னு இல்ல. உக்காந்து யோசிங்க, நான் பாத்ரூம் குழாயையும் ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்.