பனித்திட்டுக்கு விண்வெளிச் செய்தி கொண்டு சென்றவர்

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ரேடியோ ஆபரேட்டராகப் பணியாற்றி, 30.6.1989 அன்று பணி நிறைவு பெறும் திரு. ஏகநாதன் அவர்களுக்கு அலுவலகத்தார் அவையில் வாசித்து அளிக்கும் பாராட்டு மடல்

வானலையில் வந்ததை வயலுக்கும் வலைத்துறைக்கும் வழங்கிய வாய்மையாளரே! காதால் கேட்டதைக் கடமையாகக் கொண்டு, அதனைக் கடைசி வீடு வரை கொண்டு சேர்த்த கருணையாளரே! புகழ் வந்தால் பிறரைக் காட்டிப் பிழை வந்தால் தம்மைக் காட்டும் பண்பாளரே! பாகூரின் பாலகரும் 'ரேடியோ ஏகநாதன்' என்றே அழைக்கும் எங்கள் பாசத்துக்குரிய பெருந்தகையே! தங்களைப் பணிந்து வணங்குகிறோம்.

இந்த அலுவலகத்தை ஊரார் 'மேரி' என்று பிரெஞ்சுக்காலப் பெயராலேயே அழைத்துக்கொண்டிருந்த 1957ஆம் ஆண்டில், பாட்டரியில் ஓடும் ஒரு ரேடியோப் பெட்டியையும் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களையும் நம்பித் தாங்கள் பணியில் சேர்ந்தீர்கள். மாலையில் பெட்டியைத் திருகி, ஊரார்க்குச் செய்தியும் விவசாய நிகழ்ச்சியும் கேட்கச் செய்து, மீண்டும் பூட்டிவிட்டுப் போவதே தங்கள் வேலை. அவ்வளவோடு நின்றிருந்தால் குறை சொல்வார் எவருமில்லை. ஆனால் தாங்கள் சேர்ந்த அதே ஆண்டில், மனிதன் செய்த முதல் செயற்கைக்கோள் பூமியைச் சுற்றியது. அச்செய்தியைக் கேட்ட நாள்முதல் தங்களை ஒரு நோய் பற்றிக்கொண்டது என்று தங்கள் துணைவியார் அமிர்தம் அம்மையார் சொல்வார்கள்: கேட்ட அதிசயத்தை இன்னொருவரிடம் சொல்லாமல் சோறு இறங்காத நோய்.

அந்நோய்க்கு மருந்தாகத் தாங்கள் அலுவலக வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டினீர்கள். ஒருவர் இதயத்தை எடுத்து இன்னொருவர் மார்பில் வைத்துத் தைத்த செய்தியை அதில் படித்தோம். கண்ணாடிக் குழாயில் கருவுற்ற பிள்ளை பிறந்து அழுத செய்தியையும், நம் நாட்டுச் செயற்கைக்கோள் ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றிச் சோதித்த செய்தியையும் அதில்தான் படித்தோம். அறுபத்தொன்பதாம் ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, சந்திரனில் மனிதன் கால் வைத்ததை ஒலிபெருக்கிக் குழாயில் கேட்டுக் கடைத்தெருவே நின்றுவிட்டது. மளிகைக் கடை சண்முகசுந்தரம் செட்டியார், பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த தராசைக் கையில் பிடித்தபடியே கடைக்கு வெளியே வந்து, "அங்க காத்தே இல்லன்றாங்களே, மூச்சுக்கு இன்னா பண்றாரு?" என்று கேட்டார். "முதுவுல மூட்ட கட்டி எடுத்துக்கினு போயிருக்காரு செட்டியாரே" என்றீர்கள். அவர் நெடுநேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பருப்பு வாங்க வந்தவரும் அவசரப்படுத்தவில்லை.

எண்பதாம் ஆண்டு மே மாதத்தில், 'உலகில் இனிப் பெரியம்மை இல்லை' என்று அப்பலகையில் எழுதினீர்கள். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த எங்கள் நாகம்மாள் அருகில் வந்தார்கள். சிறுவயதில் கண்ட அம்மையின் வடு முகமெங்கும் உள்ளவர்கள்.

"இன்னா எழுதிக்கிறீங்க?"

"பெரியம்மை உலகத்துலயே இல்லியாம்மா. இனிமே யாருக்கும் வராதாம்."

"யாருக்குமா?"

"யாருக்குமே."

"இன்னொரு வாட்டி படிங்க" என்றார்கள். படித்தீர்கள். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, எழுத்தறியாத அந்த அம்மையார் அவ்வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். விரல் பட்டுக் கலைந்த எழுத்தைத் தாங்கள் திருத்தவில்லை. ஒரு வாரம் அப்படியே விட்டிருந்தீர்கள்.

விண்ணை வியந்தது போதாதென்று விண்ணோடு உறவு கொண்ட வித்தகரே! எண்பத்தாறாம் ஆண்டு நம் அலுவலகத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்தது. மொட்டை மாடியில் பன்னிரண்டடி அகலத்தில் கம்பிவலைத் தட்டு ஒன்றை வானத்தை நோக்கி நிறுத்தினார்கள். கடலில் புயல் உருவானால், முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் நம் நாட்டுச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வரும். யாரும் திருகாமலே பெட்டி தானாக விழித்துச் சங்கு ஊதும். பிறகு தமிழில் பேசும். இதனைக் கேட்ட அன்று நாங்கள் சிரித்தோம். தாங்கள் மட்டும் சிரிக்காமல் பெட்டியின் முன் கைகட்டி நின்றீர்கள்.

மறு ஆண்டு ஐப்பசியில் சங்கு முதன்முறையாக ஊதியது. பனித்திட்டு மீனவ மக்கள் வலைகளை விட்டுவிட்டு, சட்டி பானையோடு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து இரண்டு நாள் தங்கினார்கள். புயல் வரவில்லை. பளீரென்று வெயில் அடித்தது. பாதி வழியில் திரும்பிய புயல் வடக்கே வெகுதொலைவில் கரையேறியது. "புயலு எங்கப்பா, பொட்டிக்குள்ள தூங்குதா?" என்று கடைத்தெருவில் தங்களைக் கேலி பேசினார்கள். 'நாம் தப்பினோம், வடக்கே தப்பாதவர்கள் இருக்கிறார்கள்' என்று பலகையில் எழுதினீர்கள். யாரோ அதை அழித்துவிட்டார்கள். ஓராண்டு முழுவதும் அந்தக் கேலியைத் தாங்கள் வாங்கிக்கொண்டீர்கள். அக்கேலியில் எங்களுக்கும் பங்குண்டு என்பதை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறோம்.

சென்ற கார்த்திகை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்குச் சங்கு மீண்டும் ஊதியது. மறுநாள் விடியலுக்குள் புயல் நம் கரையைக் கடக்கலாம், கடல் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் எழலாம் என்று பெட்டி பேசியது. தாங்கள் எழுதிய சீட்டு இன்றும் கோப்பில் உள்ளது. முத்து முத்தான தங்கள் கையெழுத்தில் கடைசி வரி மட்டும் கோணலாக ஓடியிருக்கிறது. பாகூர்க் குழாய்களில் உடனே அறிவித்தீர்கள். கடற்கரைக்கு ஜீப்பில் மைக் பிடித்துச் சென்றவர்கள் நாங்கள். பனித்திட்டில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்தார்கள், மீன் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, "சொல்லியாச்சு, அவங்க வரல" என்றோம். எங்கள் கடமை முடிந்தது என்றே நினைத்தோம்.

தாங்கள் மிதிவண்டியை எடுத்தீர்கள். மனம் கேட்காமல், இம்மடலை எழுதும் எழுத்தர் சுப்புராயனாகிய நானும் என் வண்டியில் பின்தொடர்ந்தேன். ஆகவே அங்கு நடந்ததை என் கண்ணால் கண்டேன், காதால் கேட்டேன்.

படகுத்துறையில் ஊர்த் தலைவர் உலகநாதன் நின்றிருந்தார். "இன்னா சார், மறுபடியும் பொட்டி கூவிச்சா? போன வருசம் ரெண்டு நாளு தொழிலு போச்சி. காத்தப் பாருங்க, கடலப் பாருங்க. நாங்க பாக்காத கடலா?" என்றார். கடல் அப்போது எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. ஓலை அசையவில்லை.

"நீங்க சொல்றது நெசந்தான்" என்றீர்கள். "உங்களவுக்கு எனக்குக் கடல் தெரியாது. இங்கருந்து பாத்தா எனக்கும் ஒண்ணும் தெரியல. ஆனா மேலருந்து பாக்கற செயற்கைக்கோளுக்கு இந்தக் கடலுக்கு அந்தாண்ட இருக்கறதும் தெரியுது."

மீன்கூடையோடு நின்ற காசம்மாள் முன்னால் வந்தார். அந்த ஊர்ப் பெண்கள் அவர் பேச்சைத் தட்டமாட்டார்கள். "தம்பி, நேரா சொல்லு. புயலு வருமா, வராதா?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. 'நிச்சயம் வரும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று என் மனம் அடித்துக்கொண்டது. தாங்களோ காசம்மாளைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"தெரியாதுக்கா. போன வாட்டி திரும்பிடிச்சி. இந்த வாட்டியும் திரும்பலாம். வந்துதுன்னா இந்த எடத்துல தண்ணி நிக்கும், அது மட்டும் எனக்குத் தெரியும். வராம போனா, உங்க சட்டி பானையெல்லாம் நானே தலைல தூக்கியாந்து வூட்டுக்கு வூடு வெக்கறேன்."

"நூத்திப் பன்னெண்டு வூட்டு சாமானும் தூக்குவியா?"

"தூக்கறேன்."

"செத்துடுவ."

"பரவால்லக்கா. நீங்கல்லாம் உசுரோட நின்னு என்னத் திட்டுங்க."

யாரோ சிரித்தார்கள். காசம்மாள் சிரிக்கவில்லை. தங்கள் முகத்தையே பார்த்தார். "வரும் வரும்னு மைக்ல கத்துனவங்கள நான் நம்பல. தெரியாதுன்னு ஒத்துக்கறான் பாரு, இவன் எதுக்குடி எட்டு கிலோமீட்டர் மிதிச்சிக்கினு வந்து பொய் சொல்லப் போறான்? எழுந்திரிங்கடி, புள்ளைங்களத் தூக்குங்க" என்றார்.

அதன்பின் நடந்தவை விரைந்து நடந்தன. பெண்கள் புறப்பட்டதும் ஆண்கள் புறப்பட்டார்கள். உலகநாதன் கடைசி வரை நின்று, படகுகளைச் சவுக்குத் தோப்புவரை இழுத்துக் கட்டச் செய்தார். நடக்க முடியாத அய்யனார் என்னும் முதியவரைத் தாங்களும் நானும் மிதிவண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தோம். நாலு மணிக்கு முதல் காற்று அடித்தது. விளக்கேற்றும் நேரத்துக்குள் ஊர் காலி; எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில்.

மறுநாள் காலை மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். குடிசைகள் இருந்த இடத்தில் மணல் இருந்தது. கட்டிய படகுகளில் இரண்டு தோப்புக்குள் கவிழ்ந்து கிடந்தன. வீடு இருந்த இடம் இதுதானா என்று காசம்மாள் காலால் மணலைத் துழாவிக்கொண்டிருந்தார். தாங்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி, ரேஷன் அட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் அட்டையின் கடைசிப் பெயர் ஒரு கைக்குழந்தையுடையது. "கீது, கீது, தூங்குது" என்று அதன் தாய் சொன்னாள். தாங்கள் அட்டையை மூடி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். தங்கள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

பிற்பாடு உலகநாதன் தங்களிடம் வந்தார். தலைத்துண்டைக் கையில் எடுத்திருந்தார். "சார், அந்தச் செயற்கைக்கோளு எங்க கீது?"

தலைக்கு மேலே, சற்றுத் தென்மேற்கே காட்டினீர்கள். வெளுத்த வானம்தான் இருந்தது.

"அதுக்கு நாங்க தெரியறமா?"

"இல்ல. மேகந்தான் தெரியும்."

"எங்களயே தெரியாததா எங்களக் காப்பாத்திச்சி?"

இருவரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றீர்கள். நானும் பார்த்தேன். நம்மைப் போன்ற மனிதர்கள், சோறுண்டு உறங்கும் மனிதர்கள், கணக்குப் போட்டுப் பார்த்துப் பார்த்து அத்தனை உயரத்தில் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்களே என்று நினைத்தபோது என் உடல் சிலிர்த்தது. கோயிலில் எனக்கு அப்படி நேர்ந்ததுண்டு. அலுவல் பார்க்கையில் நேர்ந்தது அன்று ஒருமுறைதான்.

அன்னாரின் அருமைத் துணைவியாரே, அமிர்தம் அம்மையாரே! அந்தப் புயலில் பாகூரில் தங்கள் வீட்டு ஓடுகளும் பறந்தன என்பதை இந்த அவை அறியட்டும். மறுநாள் நண்பகலில் வீடு திரும்பிய கணவரிடம் தாங்கள் சொன்னதை நாங்கள் மறக்கமாட்டோம்: "ஊருக்கெல்லாம் சொன்னீங்க, எனக்கு ஒரு வார்த்த சொன்னீங்களா? நல்ல வேள, குழாயில உங்க கொரலு கேட்டுது. கொரலு நடுங்குச்சி, சரி நெசந்தான்னு மச்சு வூட்டுக்குப் போயிட்டேன்." முப்பத்திரண்டு ஆண்டு அறிவிப்புகளை எங்களைவிட நுட்பமாகக் கேட்டவர் தாங்களே! தங்களுக்கும் எங்கள் வணக்கம்.

அறிவியலின் அன்பரே, அலுவலகத்தின் அணிகலனே! விண்ணில் இன்னும் எத்தனையோ கலங்கள் ஏறும். மருத்துவம் இன்னும் எத்தனையோ நோய்களை மண்ணைவிட்டு விரட்டும். அவற்றையெல்லாம் கேட்டு மகிழத் தங்களுக்கு நூறாண்டு செவியும், சொல்லி மகிழ நூறாண்டு குரலும் வாய்க்கட்டும். தங்கள் முழங்கால் வலி நீங்கட்டும். தங்கள் வீட்டு ஓடுகளை இந்த வாரமே நாங்கள் வந்து மாற்றித் தருகிறோம்; மறுக்காதீர்கள். இனி ஐப்பசியும் கார்த்திகையும் தங்களுக்கு வெறும் மாதங்களாகவே வரட்டும். மழை வந்தால் வாசலில் நின்று வேண்டுமட்டும் நனையுங்கள், ஐயா. அதை யாருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை.

இங்ஙனம்,
தங்கள் அன்பை மறவாத
அலுவலர்கள், ஊழியர்கள்,
கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம், பாகூர்