இரண்டாவது வெடிப்பு

நல்ல காப்பி குடிக்க வேண்டுமானால் கொட்டையைப் பச்சையாகத்தான் வாங்க வேண்டும், ஐயா. கடையில் வறுத்து விற்பதை நான் நம்புவதில்லை. உயரமான மலையில் விளைந்ததாகப் பார்த்து வாங்குவேன். குளிரில் மெதுவாகப் பழுத்த கொட்டை கல்லாக இறுகியிருக்கும். அதைப் பக்குவமாக வறுத்தால் முதலில் தனித்தனியாக, கனமாக வெடிக்கும். அப்புறம் கொஞ்சம் அமைதி. அதன்பின் சன்னமாக, அடுத்தடுத்து இரண்டாவது வெடிப்பு. அது அடங்குவதற்குள் இறக்கிவிட வேண்டும். விட்டால் கரிதான்.

இதைச் சொல்லாமல் அக்கா விஷயம் உங்களுக்குப் புரியாது.

அக்காவுக்கு ஆஸ்துமா. வறுக்கும் புகை ஆகாது. அதற்காக என் ஒரே ஆசையை விடச் சொல்கிறவள் அல்ல. நாங்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். "வறுக்கப்போறேன்க்கா" என்று சொன்னால் போதும், புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போய்விடுவாள். கதவு சும்மா சாத்தினால் நிற்காது. அதனால் நான் வெளியே தாழ்ப்பாள் போட்டு, கீழ் இடுக்கில் ஈரத்துண்டைத் திணிப்பேன். ஜன்னல் இல்லாத அறை, அரைமணிக்கு மேல் அவளுக்குத் தாங்காது. அதற்குள் திறந்துவிடுவேன். பதினேழு வருடத்தில் ஒருநாளும் பிசகியதில்லை.

நான் பயந்தாங்கொள்ளி. அதில் மறைக்க ஒன்றுமில்லை. அம்மா போன பிறகு அந்த வீட்டில் ஒரு பகல்கூடத் தனியாக இருந்ததில்லை. அக்கா மருந்தாளராக இருந்த ஆஸ்பத்திரியின் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். காவலாளி எனக்கு 'வால்' என்று பெயரே வைத்துவிட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருட்டுகூட வேண்டாம், ஆளில்லாத நாற்காலி போதும்.

ஐம்பத்திரண்டு வயதில் அக்காவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை கடலோர ஊர் ஒன்றில் பல் டாக்டர், மனைவியை இழந்தவர். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன்.

"உனக்கும் நாப்பத்தாறு ஆகுதுடா. தனியா இருந்து பழகிக்கோ. வாராவாரம் போன் பண்றேன்," என்றாள்.

"சரிக்கா," என்றேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ரயில். அன்று காலையில்தான் மலையிலிருந்து என் மூட்டை வந்தது. அக்காவே கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தாள். இரண்டு மணிக்கு அவள் பெட்டிகள் கூடத்தில் வரிசையாக நின்றன. "வறுக்கப்போறேன்க்கா," என்றேன்.

சிரித்துவிட்டாள். "போற அன்னைக்குமா? சரி, எனக்கும் ஒரு டப்பா கட்டிக் குடு. சீக்கிரம் திறந்துடு, மூணுக்கு டாக்சி வந்துடும்."

தானாகவேதான் உள்ளே போனாள். நான் தள்ளவில்லை. அவளுடைய இன்ஹேலரும் போனும் கைப்பையில் இருந்தன. கைப்பை கூடத்தில் இருந்தது.

இரண்டே முக்கால் வாக்கில் சத்தம் தொடங்கியது. தனித்தனியாக, கனமாக. மலைக்கொட்டை அப்படித்தான் வெடிக்கும். மூன்று மணிக்கு வந்த டாக்சிக்காரரிடம், அக்கா முன்னாடியே கிளம்பிவிட்டதாகச் சொல்லி அனுப்பினேன். நடுவில் "தம்பி, திறடா" என்றும் கேட்டது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அந்தக் கதவு நல்ல பழைய மரம். திறந்தால் போய்விடுவாள். கொஞ்சம் அமைதிக்குப் பிறகு சன்னமாக, அடுத்தடுத்து, நகம் சுரண்டுவதுபோல் கேட்டது. மூன்றரைக்கு அதுவும் அடங்கியது.

அடங்குவதற்குள் இறக்க வேண்டும் என்று தெரியாதவனா நான்? ஆனால் ரயிலுக்கு இன்னும் அரைமணி இருந்தது. அவள் அந்த ரயிலைத் தவறவிட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். நாலு பத்துக்குத் துண்டை எடுத்துவிட்டுத் திறந்தேன்.

வறுக்கும் சத்தத்தில் கதவைத் தட்டியது காதில் விழவில்லை என்று முதல் நாள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். இப்போதும் நினைத்துப் பார்த்தால் கொட்டை வெடிக்கிற சத்தமாகத்தான் கேட்கிறது. ஆனால் அன்று நான் அடுப்பே மூட்டவில்லை. மூட்டையின் தையலை நேற்று உங்கள் ஆட்கள்தான் பிரித்தார்கள்.

இங்கே எனக்குத் தனி அறை என்கிறார்கள், கதவை வெளியே பூட்டுவார்களாம். நான் தட்டினால் யாராவது வந்து திறப்பார்களா, ஐயா?