பக்கத் தோற்றத்தில் நின்ற பதினெட்டு

தலைமை தாங்கும் பெரியவர் சபாபதி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சங்கப் பொறுப்பாளர்களே, கிள்ளானிலிருந்தும் செராஸிலிருந்தும் வந்து இந்த பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தை நிறைத்திருக்கும் அன்பர்களே, முன்வரிசையில் துயரோடு அமர்ந்திருக்கும் குணபூசணி அம்மா அவர்களே! என் பெயர் அய்யாவு. கிள்ளானில் ஓர் இரும்புப் பட்டறையில் வரைபடப் பிரிவில் இருக்கிறேன். அமரர் கனகலிங்கம் ஐயா அவர்களோடு ஒரே கணினியில் படித்தவன்.

இரங்கல் கூட்டத்தில் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும் என்பார்கள். என்னால் முடியவில்லையே! கனகலிங்கம் ஐயாவை நினைத்தாலே எனக்கு உற்சாகம் பொங்குகிறது, நான் என்ன செய்வேன்?

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, தொண்ணூற்றிரண்டில், இதே பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையின் மேல்மாடி. இயந்திர உறுப்புகளைக் கணினியில் வரைந்து அளவு குறிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பு. ஆறு கணினி, பன்னிரண்டு பேர். ஆசிரியை மிஸ் மார்க்கிரட்டுக்கு வயது இருபத்து நான்கு. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் யார்? முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்! முழுக்கைச் சட்டை, கழுத்தில் டை! நான் இரும்பு கடைபவன். இருவருக்கும் மவுஸை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாது.

அவர் முதன்முதலாக அளவு போட்ட நாளை மறப்பேனா? ஒரு முனையைத் தொட்டார், மறுமுனையைத் தொட்டார். கோடு வந்தது! இரு பக்கமும் அம்புக்குறி வந்தது! நடுவில் ஐம்பது என்ற எண் தானாக வந்து உட்கார்ந்தது! நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கைதட்டினார். "அய்யாவு, பாரும்! நான் ஒண்டும் எழுதேல்லை. அதுவாச் சொல்லுது!"

அன்று பிடித்த பைத்தியம் அவரை விடவே இல்லை. சட்டைப் பையில் வெர்னியர் அளவுகருவி இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தண்ணீர் கிளாஸை அளந்தார். கடைக்காரர் ஓடி வந்தார். "என்னா அங்கிள், கிளாஸ் சின்னதா இருக்குன்னு கம்ப்ளேன் பண்ணப் போறீங்களா லா?"

"இல்லைத் தம்பி. விளிம்பு ரெண்டு மில்லிமீட்டர் தடிப்பு, அடி மூண்டு. ஏன் எண்டு உமக்குத் தெரியுமே?"

ஆனால் ஒரு சிக்கல். ஓர் உறுப்பை முன்னால், மேலே, பக்கத்தில் என்று மூன்று தோற்றமாக வரைவோம். ஐயா ஒரே அளவை மூன்றிலும் போட்டார். மிஸ் மார்க்கிரட் தலையில் கைவைத்தார். "ஏன் அங்கிள் மூனு எடத்துல?"

"மிஸ், எங்கடை கந்தோரிலை மூண்டு பிரதி இல்லாமல் ஒரு கடிதமும் வெளியாலை போகாது!"

"நாளைக்கு அளவு மாறுனா? ஒரு எடத்துல மாத்தி ரெண்டு எடத்துல மறந்துட்டா? மெஷின்ல நிக்கிறவரு எத நம்புவாரு?"

ஐயா யோசித்தார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தார். முப்பத்து மூன்று ஆண்டுப் பழக்கத்தை மூன்றே வாரத்தில் விட்டார்! ஆனால் பெயர் விட்டதா? வகுப்பில் 'மூன்று பிரதி ஐயா'. பின்னால் எங்கள் பட்டறையிலும் அதே பெயர். ஏன் பட்டறை வரைக்கும் வந்தது? அதைச் சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

அந்த ஆண்டு எங்கள் பட்டறையில் கணினியில் இயங்கும் இயந்திரம் வந்தது. முதலாளி என்னிடம், "ஒரு மாதத்தில் ஒழுங்கான வரைபடம் ஒன்று கொண்டு வா. இல்லையென்றால் வேறு வேலை தேடு" என்றார். எனக்கு இரண்டு கைக்குழந்தைகள். பம்புக்கான பேரிங் கூட்டை நானும் ஐயாவும் சேர்ந்து வரைந்தோம். ஓர் அளவுக்கு ஓர் இடம். வெறும் வெள்ளையாக, அழகாக இருந்தது.

எனக்குத்தான் பயம். இத்தனை காலியாக இருந்தால் முதலாளி என்ன நினைப்பார்? ஐயா இல்லாத வேளையில், துளையின் ஆழம் பதினெட்டு என்பதைப் பக்கத் தோற்றத்திலும் இன்னொரு முறை போட்டேன். போட்டது நான்!

முதலாளி மகிழ்ந்தார், வரைபடப் பிரிவில் இடம் கொடுத்தார். அடுத்த மாதம் ஆழம் பதினாறாக மாறியது. முன்தோற்றத்தில் திருத்தினேன். பக்கத் தோற்றத்தில் பதினெட்டு அப்படியே நின்றது. இயந்திரத்தில் இருந்தவர் அதைத்தான் பார்த்தார். இருபத்து நான்கு கூடுகள், அத்தனையும் வீண்! "இதை யார் இரண்டு இடத்தில் போட்டது?" என்று முதலாளி கர்ஜித்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை வகுப்பில் ஐயாவிடம் அழுதேன். மறுநாள் காலை அவர் டை கட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கிள்ளானுக்கு வந்துவிட்டார்! முதலாளிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, "இந்தப் பையனுக்கு உதவி செய்தவன் நான். எல்லாவற்றையும் மூன்று பிரதி எழுதும் பழைய குமாஸ்தா. பிழை என்னுடையது" என்று மலாயில் சொன்னார். முதலாளி நம்பினார். நம்பாமல் இருப்பாரா? அந்த மூன்று பிரதிதான் சாட்சி சொல்லியதே! அன்று முதல் பட்டறையிலும் அவர் 'மூன்று பிரதி ஐயா' ஆனார்.

வாசலில் ஐயாவின் கையைப் பிடித்தேன். "நான் செஞ்சத நீங்க ஏன் ஐயா ஏத்துக்கிட்டீங்க?"

"என்னை அவராலை வேலையாலை நிப்பாட்ட ஏலாது. உம்மை நிப்பாட்டலாம். போம், போய்ப் பக்கத் தோற்றத்தைத் திருத்தும்."

குணபூசணி அம்மா, உங்கள் கணவர் அந்த வரைபடத்தில் ஒரு பிழையும் செய்யவில்லை. ஐந்து ஆண்டுகளாக ஊர் சிரித்த பிழை என்னுடையது. அவர் உங்களிடம்கூடச் சொல்லவில்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது. நான் கூசிப்போனேன், அம்மா.

உங்கள் சாலாக் செலாத்தான் வீட்டு முன்னறையில் ஐயா வாங்கி வைத்த கணினியில் பதினோரு பேர் செவ்வாய்தோறும் அவரிடம் வரையப் பழகினார்கள். வகுப்பு நிற்காது! வரும் செவ்வாய்க்கிழமை மாலை நான் அங்கே இருப்பேன். அடுத்த செவ்வாயும் இருப்பேன். இது இந்தச் சபையின் முன் நான் கொடுக்கும் வாக்கு. அன்று எனக்கு வேலை இருக்குமா என்பது மட்டும் தெரியாது.

ஏனென்றால், தானே தேடி வந்து பிழையை ஒப்புக்கொண்ட ஒரு மனிதருக்கு மரியாதை செலுத்த எங்கள் முதலாளியும் வந்திருக்கிறார். அதோ, கதவோரம் நிற்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. தலைவர் அவர்களே, எனக்கு இன்னும் இரண்டு நிமிடம் கொடுங்கள். இதையே மலாயில் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.