நாற்பத்தாறு பேருடைய ரத்தம்

அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், சார். உங்கள் தாளெல்லாம் பறக்கிறது. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. வாக்குமூலத்தை நான் தமிழில் சொல்கிறேன், நீங்கள் மலாயில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், தப்பு இருந்தால் திருத்திக் கொடுக்கிறேன்.

என் பெயர் வால்டர். வயது ஐம்பத்திரண்டு. லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாக டிரெஸ்ஸர். டிரெஸ்ஸர் என்றால் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன் என்று டவுனில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சல் பார்ப்பது, தையல் போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் நான்தான். பெரிய டாக்டர் மாதத்துக்கு இரண்டு தடவை காரில் வருவார். நான் எழுதி வைத்த அட்டைகளைப் புரட்டுவார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். பள்ளிக்கூடத்தில் என் பரீட்சைத் தாளை எட்டிப் பார்த்து எழுதியவன் இன்று அலோர் ஸ்டாரில் டாக்டராக இருக்கிறான். அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. கேட்கிறீர்களே என்று சொன்னேன்.

நீங்கள் கேட்கவில்லையா? சரி, விடுங்கள்.

எண்பத்தாறாம் வருடம் ஏப்ரலில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு புரொபசரும் ஜெனவீவ் என்ற பெண்ணும் வந்தார்கள். ஜெனவீவ் எங்கள் லூனாஸ் பெண்தான். அவளுடைய அப்பாவும் நானும் ஒரே கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள். தோட்டத்துச் சனங்கள் ஏன் இப்படி ரத்தமில்லாமல் வெளுத்துப்போய்க் கிடக்கிறார்கள்? சாப்பாடு போதவில்லையா, கொக்கிப் புழுவா, இல்லை பரம்பரையாக வருகிற வியாதியா? இதைக் கண்டுபிடிக்க வந்திருந்தார்கள். ரத்தத்திலிருந்து டிஎன்ஏவைத் தனியாகப் பிரித்து எழுத்தெழுத்தாக வாசித்துவிடலாம் என்றாள் ஜெனவீவ். மொத்தம் நாலே எழுத்துதானாம். எந்த இடத்தில் யாருக்கு ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று கம்ப்யூட்டரில் போட்டு ஒப்பிட்டால் வியாதி பிடிபட்டுவிடுமாம். எனக்கு அதைக் கேட்கவே அவ்வளவு ஆசையாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் உட்கார்ந்து யாரும் அப்படிப் பேசியதில்லை.

அவர்களுக்கு அறுபது பேர் வேண்டும். ஒருவருக்கொருவர் சொந்தமாக இருக்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு குழாய், மொத்தம் இருபது மில்லி. ஜூலையிலிருந்து அக்டோபருக்குள், செவ்வாய்க்கிழமை தோறும், ஐஸ் பெட்டியில் வைத்துப் பத்து மணி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். கட்டுரை லண்டன் பத்திரிகையில் வரும்போது உதவியவர்கள் வரிசையில் என் பெயரும் அச்சாகும் என்று புரொபசர் என் கையைப் பிடித்துக் குலுக்கிச் சொன்னார். அறுபது பேர் என் பொறுப்பு என்றேன். வாக்குக் கொடுத்தால் மீறுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

மறுநாள் விடிகாலை பெரட்டுக்களத்தில், பெயர் கூப்பிட்டு முடித்ததும், எல்லோரையும் நிறுத்தி நானே விளக்கிச் சொன்னேன். அப்போதுதான் அந்தக் கருப்பாயி வாயைத் திறந்தாள். பினாங்குப் பாலம் கட்டும்போது தூணுக்குத் தூண் நரபலி கேட்கிறது என்று ஒரு புரளி ஊரெல்லாம் ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும்.

"பாலந்தான் கட்டி முடிச்சிட்டாங்களே, இன்னுமா ரத்தம் பத்தல? மொதல்ல ஒங்க ரத்தத்தக் குடுங்கலா ஐயா, நாங்க பின்னாடியே வர்றோம்!"

களமே சிரித்தது. ஆட்களை மேய்க்கிற மண்டோர் ராமையாகூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். இவர்கள் பீமூத்திரம் பார்த்து, இவர்கள் பிள்ளைகளை என் கையில் ஏந்தி எடுத்தவன் நான். நாய்கூட நன்றி காட்டும். கெஞ்சிக் கூத்தாடி, என் மனைவி பிரிஜெட்டையும் சேர்த்து, பதினாலு பேர்தான் கிடைத்தார்கள். மிரட்டி எடுத்திருக்கலாம். உடம்பு முடியாத நாளில் லீவுக்கு எம்.சி. சீட்டுத் தரமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வரிசையில் நின்றிருப்பார்கள். ஆனால் பயப்படுகிற சனத்தைப் பிடித்து இழுத்து ஊசி குத்த எனக்கு மனசு வராது. நான் இளகின மனசுக்காரன்.

நவமணி பயப்படவில்லை. இருபத்துநாலு வயது, பால் வெட்டுகிற பெண். புருசன் பக்கிரிசாமி தஞ்சோங் டாவாயில் மீன் படகில் வேலை செய்தான், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவான். அவளுக்கு முதல் பிள்ளை செத்தே பிறந்தது. இரண்டாவது ஒன்பது நாள் இருந்தது. இரண்டும் என் கையில்தான். இப்போது மூன்றாவது, ஐந்து மாதம் முடிந்திருந்தது. வாரா வாரம் வருவாள். வந்து பெஞ்சில் உட்காருவதற்கு முன்பே கேட்பாள்.

"இதாச்சும் தங்குமா ஐயா?"

"ரத்தத்தைப் பாத்தாத்தாம்மா சொல்ல முடியும்" என்றேன். அது பொய்யில்லை. எந்த டாக்டரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்.

முதல் தடவை அவள் பெயரிலேயே எடுத்தேன். அடுத்த வாரம் பெட்டி காலியாக இருந்தது, அவளும் வந்திருந்தாள். இன்னும் இரண்டு குழாய் பார்த்தால் தெளிவாகத் தெரியும் என்றேன்.

"எத்தன வேணும்னாலும் எடுங்க ஐயா. இது தங்குனா போதும் எனக்கு."

யோசித்துப் பாருங்கள், சார். ஒரு தோட்டத்தையே கலவரப்படுத்துவதா, மனசார ஒத்துக்கொள்ளும் ஒருத்தியிடம் கேட்பதா? இதில் எது நாகரிகம்? அவள் குழாய்களில் எழுத வேண்டிய பெயர்களைத் தோட்டத்து ஆட்களின் சம்பளப் பதிவான செக்ரோலில் இருந்து எடுத்தேன். சிரித்தவர்களின் பெயரையே முதலில் எழுதினேன். கருப்பாயியில் ஆரம்பித்தேன். ராமையா பெயரை மட்டும் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். வயது, பிறந்த இடம், குடும்ப விவரம் எல்லாம் சரியாகவே இருக்கும், நீங்கள் எந்த அட்டையை வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளலாம். வாரத்துக்கு மூன்று பேர். சில வாரம் நாலு பேர். எல்லாம் சேர்த்தால் ஒன்றரை பியர் போத்தல் வரும், அவ்வளவுதான். அதுவும் பதினைந்து வாரத்தில்.

செப்டம்பரில் அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தபோது உள்ளே காகிதம் மாதிரி இருந்தது. பச்சரிசியை முந்தானையில் முடிந்து வைத்து நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தாள். ரத்தம் இல்லாத பெண்கள் அப்படி மெல்லுவார்கள். ரத்த அளவு பார்த்தேன், ஆறு இருந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. ஆறு என்று அட்டையில் எழுதினால் பெரிய டாக்டர் அன்றைக்கே அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிரசவம் வரைக்கும் அங்கேயே வைத்துவிடுவார். பிறகு பெட்டியில் வைக்க என்னிடம் என்ன இருக்கும்? பத்து என்று எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

அதற்காக அவளை அப்படியே விட்டுவிடவில்லை. இரும்புச் சத்து மாத்திரையை இரட்டிப்பாகக் கொடுத்தேன். என் வீட்டில் குடிக்க வைத்திருந்த மைலோ டின்னையே எடுத்துக் கொடுத்தேன், பிரிஜெட்டிடம் கேளுங்கள். மனசாட்சி இல்லாதவன் இதெல்லாம் செய்வானா?

ஒருநாள் ராமையா ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

"ஐயா, அந்தப் பொண்ணு மரத்துக்கு மரம் ஒக்காந்துருதுலா. மூஞ்சி மெழுகாட்டம் இருக்கு. பாக்கவே பயமா இருக்கு. ஒரு எம்.சி. போட்டுக் குடுங்க, அம்மா வீட்டுக்காச்சும் போவட்டும்."

அவளுடைய அம்மா வீடு கோலா கெடாவில். அவ்வளவு தூரம் போனால் செவ்வாய்க்கிழமை எப்படி வருவாள்? கர்ப்பமாக இருக்கிறவளுக்கு நடமாட்டம் நல்லது, உங்களுக்கு வைத்தியம் தெரியுமா, எனக்கு வைத்தியம் தெரியுமா என்று கேட்டேன். ராமையா தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அக்டோபர் இருபத்தொன்றாம் தேதி அவளுக்குப் பிரசவம் ஆனது. அன்றைக்கே இறந்துபோனாள். பையன் பிழைத்தான், இப்போதும் நன்றாக இருக்கிறான். பக்கிரிசாமி போன மாதம் சொட்டு மருந்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். தங்கும் என்று சொன்னேன், தங்கினான் இல்லையா? பக்கிரிசாமி என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். வேண்டாம்ப்பா என்று சொல்லித் தூக்கிவிட்டேன்.

இந்த வருடம் மார்ச்சில் புரொபசர் தோட்டத்து ஆபீசுக்குப் போன் செய்தார். அறுபது பேரில் நாற்பத்தாறு பேருக்கு ஒரே இடத்தில் ஒரே எழுத்து மாறியிருக்கிறதாம். ஒரு தோட்டத்தில் இத்தனை பேருக்கு இப்படி ஒரு பரம்பரைச் சோகை இருப்பதை உலகத்தில் யாரும் பார்த்ததில்லையாம். சந்தோசத்தில் அவருக்குக் குரலே தடுமாறியது. அன்றைக்கு நான் பிரிஜெட்டை டவுனுக்குக் கூட்டிப்போய்க் கடையில் மீ சாப்பிட வாங்கிக் கொடுத்தேன். கல்யாணம் ஆன புதிதில் போனது, அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

ஜெனவீவுக்கு மட்டும் அது செரிக்கவில்லை. ஆளுக்கு ஆள் வேறுபடுகிற ஒரு பகுதி டிஎன்ஏவில் இருக்கிறதாம். அதைத் துண்டு துண்டாக வெட்டி ஜெல்லில் ஓடவிட்டு, எக்ஸ்ரே ஃபிலிமில் கோடுகளாகப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். நாற்பத்தாறும் அச்சு அசல் ஒன்று. தானே ஒரு குழாயை எல்லாவற்றிலும் ஊற்றிக் கெடுத்துவிட்டோம் என்று முதலில் பயந்திருக்கிறாள். மூன்று தடவை முதலிலிருந்து செய்தாளாம். கவனமில்லாத பெண் என்று புரொபசர் அவளை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தாராம். அழுதுகொண்டே நாலாவது தடவையும் செய்திருக்கிறாள். போன மாதம் அந்த ஃபிலிமைச் சுருட்டிக்கொண்டு தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் பிடித்துக் காட்டினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"அங்கிள், இந்தக் கோடெல்லாம் பாருங்க. நாப்பத்தாறும் ஒரே ஆளு. இதுல இருபத்தெட்டு பேரை ஆம்பளைன்னு எழுதியிருக்கீங்க, ஆனா எல்லாம் பொம்பளை ரத்தம். யாரு அங்கிள் அது? நான் அவங்களப் பாக்கணும்."

"பாக்க முடியாதும்மா. காலமாயிட்டா."

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். எப்போது என்று கேட்டாள். தேதியைச் சொன்னேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து விரலை வைத்துப் பார்த்தாள். கடைசிப் பெட்டியில் ராமையா என்ற பெயரில் வந்த குழாயிலும் அதே தேதிதான் இருந்தது. தேதியை மாற்றி எழுத எனக்குத் தோன்றவில்லை. அந்த விசயத்தில் நான் நேர்மையானவன்.

"செத்துக்கிட்டு இருந்தவங்ககிட்டயா எடுத்தீங்க? அடப்பாவி, நீங்கல்லாம் மனுசனா அங்கிள்?"

சின்னப் பெண், ஆத்திரத்தில் பேசிவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. ஆனால் அந்தக் குழாயைப் பற்றித்தானே நீங்களும் இவ்வளவு நேரமாகச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். நேராகவே கேட்டிருக்கலாம்.

அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு நவமணியை நடத்திக் கூட்டி வந்தார்கள். எட்டரைக்குப் பையன் பிறந்தான், நன்றாக அழுதான். நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. தோட்டத்து லாரி பால் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்யச் சொன்னேன், பத்து மணியாகும் என்றார்கள். ஊசி போட்டேன். வயிற்றைப் பிடித்து அமுக்கினேன். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தேன். நல்ல உடம்பாக இருந்தால் தாங்கியிருக்கும். இவளுக்குத் தாங்கக் கையிருப்பு இல்லை. அது ஏன் என்று எனக்குத் தெரியும், உங்களிடம் மறைக்கவில்லை.

ஒன்பதரை ஆனது. அன்றைக்குக் கடைசிச் செவ்வாய். ஐம்பத்தொன்பது பேர் முடிந்திருந்தார்கள். ஐம்பத்தொன்பது கொடுத்தால் புரொபசர் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார் என்று நீங்கள் கேட்கலாம். சொல்லியிருக்க மாட்டார். ஆனால் நான் அறுபது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மெத்தை நனைந்து கீழே சிமெண்டுத் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வீணாகப் போகும்போது இருபது மில்லியில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். அலமாரியைத் திறந்து இரண்டு குழாயையும் ஊசியையும் எடுத்து வந்தேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"புள்ள தங்கிருச்சா ஐயா?"

"தங்கிருச்சும்மா. கொஞ்சூண்டு ரத்தம் மட்டும் பாத்துட்டா நிச்சயமாச் சொல்லிடலாம்."

இதை மட்டும் ஒரு வார்த்தைகூட மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள், சார். நான் எந்தப் பலவந்தமும் செய்யவில்லை. கையை அவளேதான் நீட்டினாள்.