ஹெல்மெட்டில் வந்த நாசி லெமாக்

— இந்தக் கெடா மாநிலத்துலயே என் தலை மாதிரி கெட்டித் தலை வேற கிடையாது, பரஞ்சோதி. சின்ன வயசுல தேங்கா விழுந்துச்சு. தேங்காதான் பொளந்துச்சு.

— அந்தத் தண்ணிதான் உள்ள போயிருச்சாக்கும். சரி சுகு, கையில என்னா?

— ஹெல்மெட். உள்ள நாசி லெமாக், தேங்காப்பால் சோறு ரெண்டு பொட்டலம். திகாம் பத்து ஊர்க் கடையில வாங்கினது, இங்க கோலா கெத்தில் வரைக்கும் வந்தும் சூடு ஆறல பாரு. ஹெல்மெட்டுன்னா இதுக்குத்தான்லா.

— வழியில போலீசு நின்னா?

— வெள்ளிக்கிழமை நம்ம கெடாவுல லீவு, காலையில எவன் நிக்கிறான்? மத்த நாள்ல முழங்கையில மாட்டிக்குவேன். தூரத்துல போலீசு தெரிஞ்சா தலைக்கு ஏறும். தாண்டினா இறங்கிரும்.

— உன் முழங்கைய எந்த லாரியும் ஒண்ணும் செய்ய முடியாது.

— கிண்டல் பண்ணாத. நீ ஒழுங்கா ஹெல்மெட் போட்டு, வாரு இழுத்துக் கட்டித்தானே மோட்டார் ஓட்டின? குறுக்க மாடு வந்துச்சு. இப்ப அஞ்சு வருஷமா சக்கர நாற்காலி.

— முதுகுத்தண்டு போச்சு. தலை மிச்சம். இல்லன்னா உன்கூட யாரு வாயாடறது?

— பெரிய லாபம். அது கிடக்கட்டும், தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஏன் வரல?

— வாசல்ல படி. நாலு பேரு சேர்ந்து தூக்கிட்டுப் போறோம்னாங்க. சாமியத்தான்டா தூக்கணும், நான் கும்பிட வர்றவன். சறுக்குப் பாதை போட்டுக் குடுங்க, நானே வர்றேன்னேன். கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து பேசுன்னாங்க.

— பேசினியா?

— கூட்டம் மாடியில.

— சாப்பிடு, ஆறிரும்.

— போன வாரம் யுனிவர்சிட்டிலேருந்து ரூபினின்னு ஒரு பொண்ணு வந்துச்சு. முதுகுல அடிபட்டவங்களப் பத்தி ஆராய்ச்சியாம். தனியா இருக்கிற மாதிரி இருக்கான்னு கேட்டுச்சு. வீட்டுக்கு யாராச்சும் வர்றாங்களான்னு கேட்டுச்சு.

— என்னா சொன்ன?

— நெறைய பேரு வர்றாங்கன்னேன்.

— யாருடா நெறைய பேரு? நான் வர்றப்ப ஒருத்தனையும் காணோமே.

— நீதான். வேற வேற சட்டையில வர்றல்ல.

— சம்பல் காரம் இன்னிக்கு.

— ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல யோகேஸ்வரன்னு ஒருத்தரு இருந்தாரு. கடைக்குத்தானேன்னு ஹெல்மெட் இல்லாம மோட்டார் எடுத்தவரு. தலையில அடி. சம்சாரம் காஞ்சனா அக்கா தினமும் கஞ்சி கொண்டாரும். அவரு எழுந்து உக்காந்து, "வாங்கம்மா, யாரப் பார்க்க வந்தீங்க"ன்னு கேப்பாரு. ரொம்ப மரியாதையா. அக்காவும் தினமும் ஒரே பதில்தான் சொல்லும். "உங்களத்தாங்க."

— காலங்காத்தால எதுக்குடா இந்தக் கதை.

— நீ செத்துப்போனாக்கூட அழுது முடிச்சுருவேன், சுகு. ஒரு வெள்ளிக்கிழமை யாராச்சும் உன்னக் கூட்டிட்டு வந்து இந்த வாசல்ல நிறுத்தி, நீ என்னப் பார்த்து "அண்ணே, நீங்க யாரு"ன்னு கேட்டுட்டா, எனக்கு வேற யாருடா இருக்கா?

— எனக்குக் கெட்டித் தலைடா.

— தெரியும். தேங்கா.

— கிளம்பறேன். மழை வர்ற மாதிரி இருக்கு.

— ம். ஹெல்மெட்ட விட்டுட்டுப் போற பாரு. இரு, உள்ள சம்பல் ஒழுகியிருக்கு, துடைச்சுத் தர்றேன்.

— வேணாம், அப்படியே குடு. பரஞ்சோதி.

— என்னா?

— இந்த வாரு எப்படிக் கட்டறது? இத்தனை வருஷத்துல கட்டினதே இல்ல. குனியறேன், நீயே கட்டி விடு.